ஏழாவது கால்

கானாடுகாத்தான் ஓட்டலில் கழித்துப்போட்ட நீச்சல் தொட்டி
எட்டாயிரத்துக்கு வந்து இறங்கியது, டாட்டா ஏஸில்,
குழாய் குழாயாகக் கயிறு கட்டி.
பன்னிரண்டு கால். ஒரு நீலப் பை.
தரையில் நடக்க முடியாதவரைத்
தண்ணீரில் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

அரிசி மில் லாரி புதுவயல் வளைவில் சாய்ந்ததிலிருந்து
சேவுகன் தொடைக்குள் ஒரு தகடு இருக்கிறது.
(பெயரைச் சொல்கிறேன்தான்.
ஆஸ்பத்திரிப் படிவங்களில் எழுதி எழுதிக் கூச்சம் போய்விட்டது.)
ஒன்பது திருகாணி. எக்ஸ்ரேயில் எண்ணினேன்.
“துருப்பிடிக்குமா?”
“டைட்டானியம்மா. உங்க ரெண்டு பேருக்கு அப்புறமும் இருக்கும்.”
அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

தொட்டி இரும்புக்கு அப்படி வாக்குக் கொடுக்க ஆளில்லை.
முதல் மாதமே ஏழாவது காலில்,
இடுப்பு உயரத்தில், தேநீர்க் கறை மாதிரி ஒன்று.
தொட்டேன். விரல் காவியானது.
“வெளியில தெரியிறது கால்வாசி,” என்றார்
செக்காலை ரோட்டில் பெயிண்டுக் கடை இதாயத்துல்லா.
“ஊக்கு மாட்டுற ஓட்டை வழியா உள்ள பாருங்க.”
செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்.
கரையான் இல்லாத கரையான் புற்று.

எண்பதாம் நம்பர் உப்புத்தாள்.
வெள்ளை தெரியும்வரை தேய்.
தெரிந்த பிறகும் கொஞ்சம் தேய்.
ஈரத்தின் மேல் எதையும் பூசாதே,
உரிந்துவிடும்,
பார்க்க வந்தவர்களுக்கு நான் காட்டிய சிரிப்பு மாதிரி
ஒரே வாரத்தில்.
ஜிங்க் பிரைமர். காயவிடு.
திரும்ப ஒரு தடவை. ராத்திரி முழுக்கக் காயவிடு.
அப்புறம்தான் சாம்பல் எனாமல்.
மூட்டுகளுக்கு வாசலின், அவர் குதிகாலுக்குப் போக மிச்சம்.
திறந்த குழாய் வாய்க்கு
நாற்காலிக்குப் போடுகிற ரப்பர் செருப்பு.
குளோரின் வாளி பத்தடி தள்ளி, புளியமரத்தடியில்.

இங்கே மண்ணைக் கேட்டால் சொல்லும்.
இந்தச் சிவப்பே துருதான்,
யாருடைய இரும்போ, எந்தக் காலத்ததோ,
மழைக்கு மழை ஊறிப் பொடிந்தது.
அது காலைத் தொடக்கூடாது.
கால் ஒவ்வொன்றுக்கும் அடியில்
ஆத்தங்குடிக் கல்லின் உடைசல் வைத்தேன்:
பாதிப் பூ, நட்சத்திரத்தின் ஒரு முனை,
பச்சையில் எதுவென்று தெரியாத ஒன்று.

ஆனாலும் ஏழாவது கால்.
திரும்பத் திரும்ப அதே உயரம், அதே காவி.
மற்ற பதினொன்றும் மினுமினுவென்று நிற்கிறது.
அதே பெயிண்ட், அதே கை, அதே தண்ணீர்.

ஒருநாள் விடியலில் காபியோடு வந்தவள்
வாழைக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன்.
அண்ணன் கட்டிக்கொடுத்த செங்கல் படியில் இறங்கி
ஈரம் சொட்டச் சொட்ட
அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.
பிடித்தபடியே ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார்.
ஒரு எட்டு. திரும்பப் பிடித்தார்.
இரண்டு எட்டு. திரும்பப் பிடித்தார்.
மோதிரம் எனாமலைக் கீறும் சத்தம்
வாழைவரை கேட்டது.
நாங்கள் மாற்றிக்கொண்ட மோதிரம்.

அங்கே பிடிக்காதீர்கள் என்று சொல்லலாம்.
மோதிரத்தைக் கழற்றச் சொல்லலாம்.
சைக்கிள் டியூபைச் சுற்றலாமா என்று யோசித்தேன்,
அடியில் தண்ணீர் தங்கும், இன்னும் மோசம்.
காபி ஆறிவிட்டது. திரும்பப் போய்ச் சுடவைத்தேன்.

இப்போது வெள்ளிக்கிழமை மதியம்,
அவர் தூங்குகிற நேரம்,
உப்புத்தாள், துணி, பிரஷ்.
கரண்டியால் தட்டிப் பார்க்கிறேன்:
பதினொரு கால் ணங் என்கிறது.
ஏழாவது, டொக்.
இந்தக் கோடைக்குத் தாங்கும்.
ஐப்பசிக்கு முன்னால் பிரித்து, கவிழ்த்து வைத்து வடியவிட்டு,
எண்ணெய்த் துணியால் துடைத்துப் பரணில் ஏற்றவேண்டும்.
அடுத்த கோடையில் தொட்டி தேவைப்படுமா என்று
நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

“அந்த ஒத்தக் கால் மட்டும் ஏன் தடிச்சிருக்கு?
எத்தனை தடவை பூசுன?”
“எல்லாத்துக்கும் போல ரெண்டு,” என்றேன்.
நகக்கண்ணில் சாம்பல் நிறம் போகவே மாட்டேன் என்கிறது.