ஒன்றரை அங்குலம்

மடியில் பழைய சுருள்வில்,
அரிசிச் சாக்கில் சுற்றியது.
பஞ்சிகாவத்தைக்கு டிக்கெட் கேட்டேன்.
பக்கத்து இருக்கைக்காரர்
பிள்ளை இல்லையே என்று
ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

ஸ்பிட்ஃபயர். அறுபத்தெட்டாம் வருடம்.
புத்தகத்தில் நிறம் வெள்ளை.
தகட்டில் பழைய ஸ்ரீ;
அந்தக் கதை இப்போது வேண்டாம்.
முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில்
என் முஷ்டி போய் வரும்.
ஓடப் பிறந்த கார் அப்படி நிற்காது.
சாரத்தை மடித்துக் கட்டி
வெள்ளத்தில் இறங்கப்போகிறவன் மாதிரி
நிற்கிறது, எட்டு மாதமாய்.

முதல் கடையில்: கார் யாருடையது?
அடுத்ததில்: மாத்தயா வரவில்லையா?
மூன்றாவதில் ஒன்றும் கேட்கவில்லை,
ஒன்றும் இல்லை என்றார்கள்.

சந்துக்குள் சந்து. கிரீஸ் வழுக்கும் படி.
முஸம்மில் நானா சாக்கைப் பிரித்து
வில்லை மேசையில் நிறுத்தி
மோதிர அளவு பார்ப்பவர்போல்
அதன் வாயை விரலால் சுற்றினார்.
"உங்கட வண்டிக்குச் சாமான் இல்ல மிஸ்.
ஹெரால்டுக்கு இருக்கு.
ரெண்டும் ஒரே வயித்துப் புள்ளைகள்தானே.
ஒண்டு ரேஸுக்குப் போச்சு,
ஒண்டு கந்தோருக்குப் போச்சு."

வில்லை வில்லுங்கள் நானா, என்றேன்.
சிரிக்கவில்லை.
நாலாயிரம் கூட்டிச் சொன்னார்.

தெமட்டகொடையில் விமலசிறி பாஸ்
ஒரு சுற்றை வாளால் அறுத்தார், அரை நாள்.
நெருப்புக் காட்டினால் சுருக்கு.
ஆனால் நெருப்புப் பட்ட வில்
தாங்குவதை மறந்துவிடும்
என்று சிங்களத்தில் சொன்னார்.
எனக்கு அது தமிழில்தான் கேட்டது.

பின்பக்கத்துக்கு வேறு நியாயம்.
குறுக்கே கிடக்கும் இலைவில்.
வண்டி தாழ வேண்டுமென்றால்
வில்லை உயர்த்த வேண்டும்.
அடியில் அலுமினியக் கட்டை வைத்தோம்.
நீள ஸ்டட் ஆறும்
எந்த லொறிக்குப் பிறந்தவையோ,
மரை மட்டும் ஒத்துப்போனது.
மரை ஒத்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை
சக்கரத்தின் மேல்
இரண்டு விரல்தான் போயிற்று.
நடைபாதையில் குந்தியிருந்து பார்த்தேன்.
பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான்:
அன்ரி, நாலும் காற்றுப் போயிட்டுதா?

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையின் வாயில்
மாநகர சபை போட்ட புது மேடு.
வயிறு உரசிய சத்தம்
என் பல்லுக்குள் கேட்டது.

குகப்பிரியன் ஒன்றும் சொல்லாமல்
கதவைத் திறந்து இறங்கினான்.
கார் ஒரு விரல் எழும்பியது.
மெல்லத் தாண்டி நிறுத்தினேன்.
செருப்பைத் தேய்த்தபடி நடந்து வந்து ஏறினான்.
ஒரு விரல் தாழ்ந்தது.

கடற்கரைக்குப் போக ஐந்து மேடு.
ஐந்திலும் இறங்கி ஏறினான்.
கடைசியில் கேட்டான்:
கொஞ்சம் விறைப்பான வில்
நானாவிடம் இருக்காதா?

இருக்கும்.
நான் கேட்கப் போவதில்லை.