அச்சுக்கு ஒன்பது டன்

அச்சுக்கு ஒன்பது டன்னுக்கு மேல் கூடாதென்று
ஓடம்போக்கிப் பாலத்தில் பலகை அடித்திருந்தார்கள்.
பலகைக்குக் கீழே செங்கல், செங்கலுக்குக் கீழே களி.
களிக்குக் கீழே என்னவென்று
துளைபோட்டுப் பார்த்தவர் சொல்லாமலே மாற்றலாகிப் போனார்.

தை பிறந்தால் திருவாரூர் யார்டில்
மூட்டைமேல் மூட்டை, அதன்மேல் காகம்.
இருக்கிற இஞ்சின் இருபது வண்டிக்கு மேல் இழுக்காது.
இழுக்கிற இஞ்சினைப் பாலம் தாங்காது.
நாகப்பட்டினம் பணிமனை, வரைவறை, மூன்றாம் மேசை:
பென்சிலைச் சீவினேன்.

கனத்தைக் குறைக்க முடியாது, பிரிக்கலாம்.
கல்லணையில் ஆறு செய்வதும் அதுதானே என்று
எழுதி, அடித்துவிட்டேன்.
கணக்குத்தாளில் ஆறு எதற்கு.

ஒரே சட்டத்தில் பத்துச் சக்கரம் வரைந்தேன்.
அட்டையில் வெட்டிச் சிக்கல் வளைவின்மேல் வைத்தால்
நடுச்சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்கி நின்றது,
பந்தியில் இடம் கிடைக்காதவன் மாதிரி.

பின்பாதியை இறுக்கி முன்பாதியை அசையவிட்டேன்.
அசைந்தது. ஆனால் கொதிகலனின் மூக்கு
வளைவுக்கு வெளியே நீண்டு
வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்தது.

மூன்றாவது.
முன்னால் ஓர் இஞ்சின், அதன்மேல் தண்ணீர்.
பின்னால் ஓர் இஞ்சின், அதன்மேல் கரி.
நடுவில், அடியில் சக்கரமே இல்லாமல்
இரண்டு முளைகளுக்கிடையே தொங்கும் கொதிகலன்.
நெருப்புப்பெட்டி வேண்டிய மட்டும் அகலலாம்.
இஞ்சின்கள் வளைவோடு போக
கொதிகலன் நாண்போல உள்ளே ஒதுங்கிக்கொள்ளும்.
அச்சுக்கு எட்டே முக்கால் டன்!
"இதை எப்பவோ ஒரு வெள்ளைக்காரன் செஞ்சாச்சு" என்றான்
பக்கத்து மேசை மாசிலாமணி.
தெரியும். அவருக்கு ஓடம்போக்கி தெரியாது.

ஓரிடம்தான் தூங்கவிடவில்லை.
கொதிகலனிலிருந்து, திரும்பிக்கொண்டே இருக்கும் சிலிண்டருக்கு
நீராவி எந்த வழியாகப் போகும்?
குழாய் திரும்ப வேண்டும். ஒழுகக் கூடாது.
பித்தளையில் பந்துமூட்டு, கல்நார்த் திரி.
பிட்டர் காதர் முகைதீன் கடைந்து மாட்டினார்.
இறுக்கினால் திரும்பவில்லை.
தளர்த்தினால் சீறியதில்
சுவரிலிருந்த பல்லி விழுந்து செத்தது.
"முளைக்கு நேர் மேலே வையுமய்யா" என்றார் எரிச்சலோடு.
ஏழு அங்குலம் நகர்த்தினேன்.
அங்கே குழாய் எங்கும் போக வேண்டியதில்லை,
நின்ற இடத்தில் திரும்பினால் போதும்.
சொட்டுச் சொட்டாகக் குறைந்தது.
சொட்டுக்குக் கீழே அவர் தகரக் குவளையை வைத்துவிட்டுத்
தொழப் போனார்.

அந்த வாரம் கீவளூர்ச் சாலையில்
பாய்மரத்துக்கு ஒரு தேக்குத்தடி போயிற்று.
முனைக்கொரு மாட்டுவண்டி, நடுவே வெறும் காற்று.
வாய்க்கால் திருப்பத்தில் முன்வண்டி திரும்ப,
கொஞ்சம் பொறுத்துப் பின்வண்டியும் திரும்ப,
தடி வளையவே இல்லை.
என் படம் வைக்கோல் மென்றுகொண்டு போகிறது!
"என்னா பாக்குறே, ஓரமாப் போய்யா" என்றார் வண்டிக்காரர்.
ஓரமாய்ப் போய்த் திரும்பிப் பார்த்தால்
பின்வண்டி குடம்வரை சேற்றில்.
தடி மட்டும் நேராக இருந்தது.

மேலிடத்துப் பதில் நாலே வரி.
மேடே இல்லாத சீமைக்கு மலை இஞ்சின் எதற்கு.
பாலத்தைப் பலப்படுத்த உத்தேசம்.
உத்தேசத்துக்கு அச்செடை கிடையாது,
எந்தப் பாலமும் தாங்கும்.

வரைதுணி நல்ல துணி, கஞ்சியில் மொடமொடக்கும்.
ரெஜினா வெந்நீரில் ஊறவைத்து அலசினாள்.
கஞ்சி வடிந்தது. மை முழுக்கப் போகவில்லை.
பிள்ளைக்குச் சட்டை தைத்தாள்:
முதுகில் கொதிகலன்,
கைக்கொரு இஞ்சின்,
அக்குளில் பந்துமூட்டு.

ஐந்தாம் மாதம். பாயில் மல்லாந்து கிடந்தவன்
ஒரு காலை உதைத்து, ஒரு தோளைத் தூக்கி,
பாதியில் நின்று முக்கி,
குப்புற விழுந்தான்.
ரெஜினா கை தட்டினாள்.
நான் குனிந்து பார்த்தேன்.
அக்குள் தையல் அரை விரற்கடை பிரிந்திருந்தது.