அடி இல்லாத வாத்தியம்

ஆற்றின் பெயர் போ.
அன்று யாரையும் போகவிடவில்லை.
மூடுபனியில் அக்கரையிலேயே நின்ற படகில்
பிராஸ்பெரோவும்
ஆளைவிட நீளமான அவன் தியோர்போவும்.

இக்கரையில், ஃபெர்ராராவில்,
பட்டு வணிகர் வீட்டில் விருந்தினர் வந்தாயிற்று.
ஹார்ப்சிகார்டோ ஈரத்தில் ஊறி
அழுத்திய கட்டைகளில் மூன்று எழவில்லை.
"கித்தார் இருக்கிறதே" என்றார் ஒருவர்,
குதிரை நொண்டிய வழியில்
கழுதையைக் காட்டுவதுபோல்.

நாவிதர் கடையில் முறை வரும்வரை
எவனும் எடுத்துத் தட்டும் பெட்டி.
ஐந்து இணை நரம்புகள்.
நாலாவதும் ஐந்தாவதும்கூட
மேலே ஏறி உட்கார்ந்துகொண்டன;
கீழே நின்று பாரம் தாங்க
ஒருவருமில்லை.

தல்மாசியோ காகிதத்தைப் பார்த்தான்.
அடிச்சுரங்கள் மட்டும்.
தலைமேல் எறும்புகளாய் எண்கள்:
ஆறு, ஏழு, நான்கு, உடனே மூன்று.
மிச்சத்தை அவன்தான் சமைக்க வேண்டும்.
அடி தாழத் தாழ
அவன் விரல்கள் மாடிக்கு ஓடும்.
மேட்டில் நின்றுகொண்டு
பள்ளத்தைச் சொல்லிக்காட்டும் பிழைப்பு.

ஒர்த்தென்சியா அவனைப் பார்க்காமலே தொடங்கினாள்.
கப்பலேறிப் போனவனைத்
திட்டித் தீர்க்கும் பாட்டு.
முதல் வரிக்கு அவன் கையை விசிறியாய் வீசினான்.
அவள் புருவம் ஒரு நூல் உயர்ந்தது.
அடுத்த வரிக்குப் பாதி வீச்சு.
அதற்கடுத்து
அவள் மூச்சு வாங்கும் இடங்களில் மட்டும்
கட்டைவிரல் உரசல்,
இருட்டில் படியிறங்குபவள் பக்கத்தில்
விளக்கைத் தாழ்த்திப் பிடிப்பதுபோல்.

பிறகு அந்த இடம் வந்தது.
திட்டு தீர்ந்துபோய்
வெறும் பெயரை மட்டும் அவள் கூப்பிடும் இடம்.
காகிதத்தில் அடிச்சுரம்
கிணற்றில் விழுந்த வாளியாய் இறங்கிற்று.
அவனிடம் அவ்வளவு கயிறு இல்லை.
உள்ளங்கையை நரம்புகள்மேல் வைத்து
எல்லாவற்றையும் அடக்கிவிட்டான்.

கூடத்தில் மெழுகு சொட்டும் சத்தம்.
யாரோ இருமலை விழுங்கினார்கள்.

நீண்ட பாவாடைக்குள்ளிருந்து
ஒர்த்தென்சியாவின் குதிகால்
பலகைத் தரையில்
ஒரே ஒரு அடி.

மரம் அதிர்ந்து
நாற்காலிக் கால்வழி ஏறி
அவன் மடிக்கு வந்தது.
அதன்மேல் மெல்ல, மிக மெல்ல,
ஐந்து இணைகளையும் விரித்தான்.
அவள் இப்போது அவனைப் பார்த்தாள்,
பாட்டை நிறுத்தாமல்.

மறுநாள் வணிகரின் கணக்கேட்டில்:
பாடகிக்குப் பேசிய தொகை.
மெழுகுவர்த்தி நாற்பது.
வராத தியோர்போவுக்குப் பாதிக் கூலி.
கித்தாருக்கு இரவுச் சாப்பாடு.
கடைசியில், வேறு மையில்:
பெண்கள் செருப்பு, குதிக்கட்டை ஒன்று மாற்ற,
நான்கு காசு.
எதற்கென்று எழுதவில்லை.