நாயின் பெயர்

லீட்ஸில் மழை. மேசையில் கோப்பு எண் பதினேழு.
நான் நீதிபதி அல்ல, யாரையும் கூண்டில் ஏற்றுவதில்லை.
இருதரப்பும் அனுப்பிய தாள்களைப் படித்து
ஒரு இணையப் பெயர் எவர் கைக்குப் போகவேண்டும் என்று
எட்டுப் பக்கத்தில் எழுதுகிறவள்.

நியூலினில் மீன் புகையூட்டும் கடை, பென்ஹாலோ.
கடைக்காரி மொர்வென்னா எழுதியிருக்கிறாள்:
'அவன் திருடன். ஊருக்கே தெரியும்.'
ஊருக்குத் தெரிந்தது எனக்குப் போதாது, அம்மா.
உன் கோபம் நாற்பது பக்கம்.
சான்று என்று தேடினால் மூன்றே தாள்.

உன் கானாங்கெளுத்தி பரிசு வாங்கிய செய்தி
உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது ஒரு வியாழன்;
பெயர் பதிவானது அடுத்த திங்கள்.
நாலாயிரம் பவுண்டு கேட்ட மின்னஞ்சல்
'அன்புடன்' என்று முடிகிறது.
பிறகு ஒரு வாடிக்கையாளரின் கடிதம்:
கணவரை அடக்கம் செய்த நாளின் விருந்துக்கு
உன் பெயரைத் தட்டினாளாம்.
திறந்தது வேறொருவர் கடை.
வந்தது ரப்பர்போல் சால்மன்.

எதிர்த்தரப்பு, ஸ்விண்டனில் டெரெக் ஓக்‌ஷாட்.
பதில் ஒரே வரி:
'பென்ஹாலோ என் நாயின் பெயர்.'
கூடவே ஆறு புகைப்படங்கள்.

சிரிக்காதே. நாய்க்கு முகவரி வாங்குவது குற்றமில்லை.
முந்திக்கொண்டவர் எல்லாரும் மோசக்காரர் இல்லை.
பேராசைக்குத் தண்டனை எழுத என்னிடம் பேனா கிடையாது.
ஒருவர் மனத்துக்குள் இறங்கி
நோக்கத்தைக் கையோடு எடுத்துவரவும் முடியாது.
எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம்,
அவ்வளவுதான் கேள்வி.
தட்டு மயிரிழை சாய்ந்தால் போதும்.

படங்களைப் பெரிதாக்கினேன்.
பழுப்பு நாய், நல்ல நாய்.
கழுத்துப் பட்டையில் தகடு, எழுத்து மங்கல்.
பெயரைக் கண்டால் நாயைக் காணோம்,
நாயைக் கண்டால் பெயரைக் காணோம்.

இரவு பதினொன்று. அவர் பதிந்துவைத்த பெயர்கள்
நானூற்றுப் பன்னிரண்டு.
விரலால் ஓட்டிக்கொண்டே வந்தேன்.
இருநூற்று ஆறாவதில் மறுபடி பென்ஹாலோ,
அதே நாள், அதே நிமிடம்,
இரண்டு எல் வரவேண்டிய இடத்தில் ஒற்றை எல்.

அவசர விரல் தவறவிடும் எழுத்து அது.
மீன் வாங்க வருகிறவர் தவறவிடுவார்.
தன் நாயைப் பிழையாகக் கூப்பிட
எவர் காசு கொடுப்பார்?

மாற்றித் தருக என்று எழுதினேன், இரண்டையும்.
'திருடன்' என்ற சொல் என் எட்டுப் பக்கத்தில் இல்லை.
நாயைப் பற்றி ஒரு பத்தி எழுதி, அழித்தேன்.

படுக்கும்முன் சும்மா என் பெயரைத் தட்டிப் பார்த்தேன்:
ரோசலிண்ட் த்வெயிட்.
நெப்ராஸ்காவில் ஒரு பல் மருத்துவர்
பளிச்சென்று சிரித்தார்.
அவர் பெயரும் அதுதான்.
என்னிடம் தாள் ஒன்றுமில்லை.
விளக்கை அணைத்தேன்.