அங்கால வந்திட்டா?

வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு பத்து.
குளியலறைச் சுவருக்குள் யாரோ இருமினாற்போல ஒரு சத்தம்.
அடுத்த கணம் எல்போ கழன்று
லைன் தண்ணி என் கண்ணாடியைத் தட்டிவிட்டது.

காய்ச்சலுக்கு லீவு போட்டவன்
சாரத்தோடு நிற்கிறேன்.
ஜெயவதனி வவுணதீவில், பள்ளிக்கூடத்தில்.
எட்டாம் வகுப்புக்குப் பின்னம் ஓடும் நேரம்,
போன் எடுக்க மாட்டாள்.

துணியைத் திணித்தேன், துணி பறந்தது.
பெருவிரலை வைத்தேன்.
விரலைச் சுற்றி விசிறியாய் விரிந்து
முகட்டுப் பல்லியையும் நனைத்தது.

ஒரு கை ஓட்டையில், மறு கையில் போன்.
குழாய் சசி உடனே எடுத்தான், கட்டாரிலிருந்து.
"அண்ண, நான் இஞ்ச வந்து ரெண்டு வருசம்" என்றான்,
மறுகா ஊர்ப் புதினம் கேட்டான்.
ஆரையம்பதி புவனேந்திரன் காப்புக் கட்டியாச்சாம்,
சடங்கு முடியுமட்டும் ஊரெல்லை தாண்டாராம்.
காத்தான்குடி ஜவ்பரின் போன் நிறுத்தியிருந்தது.
அவன் தந்த இன்னொரு நம்பரும்,
அந்த நம்பரின் மச்சான் நம்பரும்.
அப்போதுதான் மண்டையில் பட்டது,
ஜும்மா.
ஓர் ஊரின் பைப் பாஸ்மார் அத்தனை பேரும்
நெற்றியை நிலத்தில் வைக்கும் நேரமாய்ப் பார்த்து
என் எல்போ கழன்றிருக்கிறது.

தண்ணி கூடத்தைத் தாண்டி
அரிசிச் சாக்கின் அடியைத் தொட்டது.

மெயின் வால்வ் எங்கே என்று எனக்குத் தெரியும்.
அதுதான் பிரச்சினை.

மாமனார் வளவை ரெண்டாய்ப் பிரித்து
ரெண்டு பெண்களுக்கும் சீதன உறுதி எழுதினார்.
நடுவில் மதில் வந்தது. பைப்பை யாரும் பிரிக்கவில்லை.
மீற்றரும் வால்வும் தங்கச்சி கேமவதனி பக்கம்.
பில்லில் பாதியைக் கவரில் போட்டு
மாசா மாசம் அவள் கேட்டில் செருகுகிறோம்.
கவர் போய்வரும், கதை இல்லை.
எங்கள் ஈரப்பலாக் கொப்பு முறிந்து
அவர்கள் சீற்றை உடைத்த நாளிலிருந்து
ஒரு வருசமும் எட்டு மாசமும்.

காணிக் கந்தோரில் பத்தொன்பது வருசம்,
ஊராரின் எல்லையெல்லாம் எனக்கு மனப்பாடம்.
மனைவியின் தங்கச்சி கேட்டை எப்படித் தட்டுவது என்று
எந்தக் கோப்பிலும் இல்லை.

தட்டினேன்.

கேமவதனி என் முகத்தைப் பார்க்கவில்லை,
சாரத்திலிருந்து சொட்டுவதைப் பார்த்தாள்.
உள்ளே போய் மண்வெட்டியோடு வந்தாள்.
மணலுக்குக் கீழே துருப்பிடித்த கைபிடி.
என் கைக்கு அசையவில்லை.
தேங்காயெண்ணெய் விட்டு
மண்வெட்டிப் பிடியால் ரெண்டு தட்டுத் தட்டி
அவளே பூட்டினாள்.
அவள் குசினியில் உலை கொதிக்கிற சத்தம்.
இனி அவளுக்கும் தண்ணி இல்லை.

ஒன்று நாற்பதுக்கு ஜவ்பர் எடுத்தான்.
"மிஸ்கோல் பதினேழு! யாரும் மவுத்தோ எண்டு பயந்திட்டன் சேர்."
பள்ளியிலிருந்து நேரே வந்தான், அத்தர் வாசத்தோடு.
தொப்பியை மடித்துப் பொக்கற்றில் வைத்துவிட்டு
கழன்ற எல்போவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.
"இது கறண்ட் வயருக்குப் போடுற சாமான்.
தண்ணிக்குப் போட்டது யாரு?"
நான் கூரைப் பல்லியைப் பார்த்தேன்.
போன வருசம், மலிவாய், நான்தான்.

வாள் ஓடியது. கோந்து மணத்தது.
"கால் மணித்தியாலம் ஒருத்தரும் தொடாதீங்க."
பிறகு மதிலுக்கு மேலால் குரல் கொடுத்தான்:
"அக்கா, திறங்க!
அங்கால வந்திட்டா?"

"வந்திட்டு."

அந்தக் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது,
சளியாய் இருக்கலாம்.
இஞ்சாலயும் வந்திட்டு என்று சொல்ல நான் வாயெடுக்க
ஜவ்பர் முந்திவிட்டான்.

போகும்போது கேட்டான்,
"உங்கட பக்கம் தனியா ஒரு வால்வ் போடுவமா சேர்?
ரெண்டாயிரத்து எண்ணூறு, கூலி வேற."
"வீட்டுக்காரியைக் கேட்டுச் சொல்றன்" என்றேன்.
உறுதியும் அவள் பேரில்தானே.

நாலு மணிக்கு ஜெயவதனி வந்தாள்.
பாயில் காயும் அரிசியைத் துழாவியபடி
எல்லாம் கேட்டாள், வால்வ் வந்ததும் கை நின்றது.
"அப்ப அவள்ற உலை என்னாச்சு?"
"கேக்கேல்ல."
"நல்ல மனிசன்" என்றாள்,
குடத்தில் தண்ணி பிடிக்கப் போனாள்.