இடக்கை

பெயருக்கு முன் எனக்கு எண்தான் வரும்.
நாற்பத்தொன்று எழுபத்தாறு.
ஃபார்மலின் புட்டியின் அடியில்
நொய்யரிசி அளவில் ஆறு துணுக்குகள்.

கூட வந்த தாளில்:
பெண். அறுபத்திரண்டு.
அரை ரொட்டியிலேயே வயிறு நிரம்பிவிடுகிறது.
நான்கு மாதத்தில் ஒன்பது கிலோ போயிற்று.
காற்றை ஊதியும் இரைப்பை விறைத்தே கிடக்கிறது.
புண் இல்லை. கட்டி இல்லை.
சென்ற முறை எடுத்த சதையில் எதுவும் இல்லை.
முன்நோய்: இல்லை.

டாக்டர் உர்சுவாவின் கையெழுத்து
ஓடுகிற மனிதனின் சட்டை போல
எப்போதும் பின்னால் பறந்துகொண்டிருக்கும்.

வால்பரைசோவில் அன்று மூடுபனி.
துறைமுகத்துப் பாரந்தூக்கிகளுக்குத் தலையைக் காணோம்.
குன்றேறும் பெட்டிவண்டி எங்கோ கிறீச்சிட்டது.
விளக்கைக் கூட்டி, கண்ணை வைத்தேன்.

மேற்படலம் பரம சாது.
அதன் கீழே, நாரிழைகளின் நடுவே,
ஒன்றன்பின் ஒன்றாய் அவை.
கூட்டமில்லை, கூச்சலில்லை.
விடியலில் ரொட்டிக்கடை வாசலில் நிற்பவர்கள் மாதிரி
முன்னால் இருப்பவரின் முதுகை மட்டும் பார்த்து.
சிலவற்றின் உள்ளே ஒரு துளி ஊறி
உட்கருவை ஓரத்துக்குத் தள்ளியிருந்தது:
கல் பதித்த மோதிரம்.

மோதிர அணுக்கள் என்றால் இரைப்பைப் புற்று.
பாடப்புத்தகம் சொன்னது, நானும் தட்டச்சு செய்துவிட்டேன்.
வியாழக்கிழமை உர்சுவா இரைப்பையை முழுதாக எடுத்துவிடுவார்.
என் கையொப்பம்தான் பாக்கி.

தாளைத் திருப்பியது
தேநீர்க் கறையைத் துடைக்கத்தான்.
பின்பக்கம், பென்சிலில், வேறொருவர் எழுத்து:
"இடக்கையில் பிரஷர் பார்க்கக் கூடாதாம் – நெலிதா."

ஏன் கூடாது?

எண்டோஸ்கோபி அறைக்கு ஃபோன் போட்டேன்.
நெலிதா எதையோ மென்றுகொண்டே பேசினாள்.
"கை வீங்கிவிடுமாம் டாக்டர்.
அக்குளில் நெறிகளை எடுத்திருக்கிறார்கள்.
அந்தப் பக்கம் மார்பும் இல்லை.
பதினோரு வருஷம் ஆச்சு, முடிந்த கதை என்றார்.
வயிற்றுக்குத்தானே வந்தேன்,
மார்பைப் பற்றி யார் கேட்டார்கள் என்றார்."

"பெயர்?"

"எதுவினா ஒயர்சுன்.
குன்று வண்டியில் சீட்டுக் கொடுப்பவர்.
உங்களுக்கே தெரிந்திருக்குமே."

தெரியும்.
ஆறு வருடமாக நூறு பேசோ நாணயத்தை
அவருடைய வலக்கையில்தான் வைக்கிறேன்.
இடக்கை எப்போதும் மடியில்,
தூங்கும் பூனையாக.
இந்த வருடம் அவர் கோட்டு பெரிதாகிக்கொண்டே போனது.
புதிது வாங்கியிருக்கிறார் என்று நினைத்தேன்.
நுண்ணோக்கியில் பிழைப்பு நடத்துகிறவள்.

நிலவறையில் பெலார்மீனோ இரண்டு மணி நேரம் தேடினான்.
தூசி படிந்த ஒரு மெழுகுக் கட்டி வந்தது.
சீவி, கண்ணாடியில் ஏற்றி,
பழையதை வைத்தேன், புதியதை வைத்தேன்,
மறுபடி பழையதை.
அதே வரிசை. அதே முதுகுகள்.
ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் பசை தொலைந்ததால்
கட்டியாகத் திரளத் தெரியாதவை.
கைக்கும் அகப்படாமல், குழாய்க் கண்ணுக்கும் அகப்படாமல்
நடந்தே வந்திருக்கின்றன.

சாயம் போட்டு மறுநாள் வரை காத்திருந்தேன்.
ஹார்மோன் ஏற்பிகள் தெரிந்தன:
உட்கருக்கள் எல்லாம் வறுத்த காப்பிக்கொட்டை நிறம்.
இது இரைப்பையில் பிறந்ததல்ல,
குடிவந்தது.

உர்சுவா வெகுநேரம் பேசவில்லை.
"வியாழனைக் காலி செய்கிறேன்" என்றார்.
கத்திக்குப் பதில் மாத்திரை.
எத்தனை நாளுக்கு என்று
நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
நல்ல செய்தி என்று யாரிடமும் சொல்ல முடியாது.
ஆனாலும் அவருடைய இரைப்பை
அவரிடமே இருக்கும்.

திங்கட்கிழமைதான் அவரிடம் சொல்லப்போகிறார்கள்.

அன்று மாலை நான் வண்டியில் ஏறவில்லை.
நூற்றறுபத்திரண்டு படிகள், மூச்சிரைக்க.
பாதியில் நின்றபோது
பெட்டி என்னைக் கடந்து மேலே போயிற்று.
கண்ணாடிக்குப் பின்னால் இருந்து
அவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார்.
எந்தக் கை என்று
பனியில் தெரியவில்லை.