எட்டு மாதிரி

ஓர்ஸ்ஹில் சரிவிலிருந்து
ஐந்து விநாடிக்கு ஒன்றாய் எழுநூற்றி இருபது படங்கள்.
கோதுமைக் கப்பல் ஒன்று
சீனன்குடா மாவாலைப் பக்கம் மெல்லத் திரும்புவதை
அந்தி முழுக்க எடுத்திருந்தேன்.
அரை நிமிடத்துக்குள் ஓடவிட்டுப் பார்த்தால்
கப்பல் பிசகாமல் திரும்புகிறது;
வானம்தான்
ஸ்டார்ட்டர் போன டியூப்லைட் மாதிரித் துடிக்கிறது.

முதலில் கச்சானைச் சந்தேகித்தேன்,
முக்காலி ஆடியிருக்கும் என்று.
ஆனால் ஆடினது ஒளி. கரை ஒரு மயிரிழையும் நகரவில்லை.
பிறகு மேகத்தை. அன்று மேகமே இல்லை.
பிறகு, வழக்கம்போல், என்னை.

அடுத்தநாள் உச்சிவெயிலில்
உப்புவெளியில், விடுதித் தண்ணீர்த்தாங்கியின்
வெள்ளைச் சுவருக்கு முன் கமராவை நட்டேன்.
ஒரு ஓணான் வந்தது. துரத்தினேன்.
அப்பெர்ச்சரை எட்டில் வைத்து நூறு படம்.
ஒவ்வொன்றினதும் வெளிச்சத்தைக் கணக்கெடுத்து
கொப்பியில் எழுதினேன்:
நூற்றி இருபத்தொன்று, நூற்றிப் பதினெட்டு,
நூற்றி இருபத்துநாலு, நூற்றி இருபது,
மறுபடி நூற்றிப் பதினெட்டு.
சூரியன் ஒன்று, சுவர் ஒன்று,
எட்டு மட்டும் பல.

என்.சி. வீதியில் கமரா திருத்தும் நஸீஹா
கொப்பியை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.
செத்துப்போன லென்ஸ் ஒன்றைத் திறந்து காட்டினாள்:
ஏழு கறுத்த தகடுகள்,
மீன்செதில் போல ஒன்றின்மேல் ஒன்று.
"சும்மா இருக்கக்குள்ள முழுக்கத் திறந்து கிடக்கும்.
நீ அமத்தின பிறகுதான் ஓடிப்போய் மூடும்.
படம் விழுந்ததும் பழையபடி திறக்கும்.
ஒவ்வொரு படத்துக்கும் போகணும், வரணும்.
நீ எட்டு எண்டு சொல்றாய்.
அதுக்கு எட்டு மாதிரி எண்டுதான் கேக்குது.
ஒரு படத்தில ஒருத்தருக்கும் தெரியாது.
அடுத்தடுத்து வெச்சாத்தான் பிழை."

அடுத்தடுத்து வைத்தால்தான்.

மச்சாள் ஜெகரூபியிடம்
அண்ணனின் படகு அன்றைக்கு எத்தனை மணிக்கு இறங்கியது என்று
கடற்றொழில் கந்தோரில் ஒருதரம் கேட்டார்கள்,
பொலிசில் ஒருதரம்,
காப்புறுதிக்காரர் இரண்டுதரம்.
நாலரை.
நாலே முக்கால் இருக்கும்.
விடியமுன்னம்.
பாங்கு கேட்டது, ஆனால் முடிந்திருக்கவில்லை.
தாள்களை வரிசையாய் வைத்து
சிவப்புப் பேனாவால் ஓரத்தில் எழுதினார் ஒருவர்:
முரண்.
ஒவ்வொரு தரமும் அவள்
முழுக்கத் திறந்து கிடந்த இடத்திலிருந்துதான்
அந்தக் காலைக்குப் போய் வந்தாள்.

தகடுகளை அசைக்காமல்
முழுத்திறப்பிலேயே எடுக்கலாம்.
துடிப்பே இராது, ஆனால் கப்பல் தெளிந்தால்
முன்னால் நிற்கும் வேப்பங்கிளை கலங்கிப்போகும்.
நஸீஹா மற்ற வழியைச் சொன்னாள்:
ஆழம் பார்க்கும் பொத்தானை அமத்திப் பிடித்தபடி
லென்ஸை ஒரு நூல் திருகிக் கழற்றிவிடு,
முழுக்க அல்ல.
தகடுகள் மூடின இடத்திலேயே நின்றுவிடும்.
தன்னில் லென்ஸ் இருப்பதே கமராவுக்குத் தெரியாது;
எட்டு இருந்த இடத்தில்
இரண்டு பூச்சியம் காட்டும்.

நேற்று அப்படித்தான் எடுத்தேன்.
கச்சான் சரிவைச் சீவிக்கொண்டு வந்தது.
அரைக் கழற்றலில் நிற்கும் கண்ணாடிக்குக் கீழே
கையை ஏந்தியபடி ஒரு மணித்தியாலம்,
நுளம்பு கடித்த இடத்தைச் சொறியாமல்.
வானம் ஒருதரமும் துடிக்காமல் கறுத்தது.
வேலை தந்தவர்களுக்கு அனுப்பியாயிற்று.

சுவரின் நூறு படத்தையும் அழிக்கவில்லை.
மச்சாள் வந்தபோது ஓடவிட்டேன். நாலு விநாடி.
"ஒண்டுமில்லாத சுவர்," என்றாள்.
பிறகு, "திருப்பிப் போடு."
மூன்றாம் தரம் ஓணானைக் கண்டதாகச் சொன்னாள்.
ஓணான் அதில் இல்லை,
துரத்தின பிறகுதான் எடுத்தேன்.
துரத்தின பிறகுதான் என்று நினைக்கிறேன்.